கருவி பிறகு, நூல் முதலில்

(தேவிபட்டினத்தில் வாசகர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மின்னூல் கருவிகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்தார்கள். கிண்டில் வாங்கலாமா, டேப் வாங்கலாமா, கையிலிருக்கும் செல்போனே போதுமா, எந்த உறை நல்லது என்று கேட்கத்தான் உங்களில் பாதிப் பேர் வந்திருப்பீர்கள். எல்லாவற்றையும் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வாசிக்கும் கருவிக்கு மதிப்பு அதற்குள் வந்து சேரும் தமிழால்தான் வருகிறது. அந்தத் தமிழ் நமக்குச் சொந்தமா, அதை இன்னொருவர் கையில் நாம் கொடுக்க முடியுமா என்பதும் அதே அளவு முக்கியம். இன்று நான் பேசப்போவது எல்லாம் இதைச் சுற்றித்தான்.

இந்தக் கரைக்கு அச்செழுத்து வந்து சேர்வதே ஒரு காலத்தில் பெரும்பாடாக இருந்தது. ராமேசுவரத்துச் சிறுவன் அப்துல் கலாம் பத்திரிகை விற்றது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர்க்காலம் அது. ராமேசுவரம் நிலையத்தில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள். பத்திரிகைக் கட்டுகளை ராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஓடும் ரயிலிலிருந்து வெளியே எறிவார்கள். ஊரில் பத்திரிகை விநியோகம் செய்துவந்த அவருடைய உறவினர் சம்சுதீனுக்கு அந்தக் கட்டுகளை எடுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. கலாமின் முதல் சம்பளம் அப்படி வந்தது. உலகச் செய்தி இந்தத் தீவுக்குள் வர வேண்டுமானால் ஒருவர் எறிய வேண்டும், ஒரு சிறுவன் ஓடிப்போய்ப் பொறுக்க வேண்டும். நிலைமை அதுதான்.

அதே ஊரில் எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்றொருவர் இருந்தார். விடுதலைப் போராட்டத்தில் இருந்தவர். வீட்டில் நூல்கள் சேர்த்து வைத்திருந்தார். கலாமைப் படிக்கச் சொல்லி ஊக்கியவர் அவர். கலாம் அவர் வீட்டுக்குப் போய் நூல்களை இரவல் வாங்கி வந்து படித்தார். அக்னிச் சிறகுகளில் கலாமே இதை நன்றியோடு எழுதியிருக்கிறார். ஒரு பெரியவர் வீட்டு அலமாரியிலிருந்து ஒரு சிறுவன் கைக்கு நூல் போயிற்று. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

இன்னும் பின்னோக்கிப் போனால் நம் ராமநாதபுரம் மாவட்டமே பனை மாவட்டம். தமிழ் பல நூற்றாண்டுகள் உயிர் வாழ்ந்தது பனையோலையில். ஓலையைப் பதப்படுத்தி, அளவாக நறுக்கி, துளையிட்டு, கயிறு கோத்து, எழுத்தாணியால் கீறி எழுதினார்கள். அப்படி எழுதிய சுவடியும் நிலைத்து நிற்காது. பூச்சி அரிக்கும், ஓரம் உதிரும், ஈரக்காற்று பட்டால் இன்னும் சீக்கிரம் போய்விடும். ஆகவே ஒவ்வொரு தலைமுறையும் நல்ல நூலைப் புதிய ஓலையில் படியெடுத்தாக வேண்டும். படியெடுக்க ஆளில்லாத நூல் அழிந்தது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1894இல் புறநானூற்றையும் அச்சில் கொண்டுவரும்வரை அந்த நூல்களின் உயிர் சில சுவடிக்கட்டுகளில் ஊசலாடிக்கொண்டுதான் இருந்தது.

ஓலை தமிழ் எழுத்தையும் கொஞ்சம் காயப்படுத்தியது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று புள்ளி இல்லாமலே எழுதினார்கள். எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்று பார்த்தவுடன் தெரியாது. படிப்பவர் இடம் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். அச்சு வந்தபோது பதிப்பாசிரியர்கள் அந்தக் காயத்தை ஆற்றினார்கள். எழுத்தைத் தாங்கும் பொருள் மாறும்போதெல்லாம் எழுத்து அடிபடுகிறது, தமிழறிந்தவர்கள் உட்கார்ந்து அதைச் சரிசெய்கிறார்கள். கணினி வந்தபோதும் இதுவே நடந்தது.

இந்தப் படியெடுக்கும் வேலையில் நம் மண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் ராமநாதபுரம் சேதுபதி குடும்பத்தைச் சேர்ந்தவர். சங்கத்தோடு பாண்டியன் புத்தகசாலையும் செந்தமிழ் இதழும் பிறந்தன. நூலைச் சேர்ப்பது, சரிபார்ப்பது, அச்சிடுவது, படிக்கக் கொடுப்பது என்ற நான்கையும் ஒரே இடத்தில் செய்யவேண்டும் என்று அவர் நினைத்தார். 1985 வரை நம்மோடு ஒரே மாவட்டமாக இருந்த பகுதியில்தான் கோட்டையூர் இருக்கிறது. அங்கே ரோஜா முத்தையா என்றொருவர் தம் வாழ்நாள் முழுக்கப் பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் நாடக நோட்டீசுகளையும் திருமண அழைப்பிதழ்களையும்கூடத் தேடித் தேடிச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அந்தச் சேகரிப்பு சென்னைக்குப் போனது. 1994 முதல் அது ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இயங்குகிறது. வேறெங்கும் கிடைக்காத தமிழ் நூல்கள் அங்கே மைக்ரோபிலிமாகவும் மின்படமாகவும் பாதுகாக்கப்படுகின்றன. ஒரு தனிமனிதரின் பித்து என்று ஊரார் பார்த்தது இன்று தமிழகத்தின் சொத்து.

நம் எதிர்க்கரையையும் சொல்லாமல் போக முடியாது. இந்தப் பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணம். 1981இல் மே முடிந்து ஜூன் பிறக்கும் இரவில் அங்கே பொது நூலகத்தை எரித்தார்கள். 97 ஆயிரம் நூல்கள் என்று கணக்குச் சொல்வார்கள். அச்சு நூல்களோடு மறுபடி எழுத முடியாத ஓலைச் சுவடிகளும் போயின. அந்த வலியை அறிந்த மக்கள் 2005இல் நூலகம் என்ற இணையத் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சிறு துண்டறிக்கைகளையும் ஒவ்வொன்றாக மின்படமாக்கி, உலகில் யாரும் எடுத்துப் படிக்கும்படி வைத்திருக்கிறார்கள். மின்னூல் என்றால் சொகுசு என்று நினைப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரே கட்டடத்தில் ஒரே படி இருக்கும்வரை ஒரு தீப்பெட்டி போதும். ஆயிரம் வீடுகளில் ஆயிரம் படி இருந்தால் யாராலும் எரிக்க முடியாது.

இனி தமிழ் எப்படிக் கணினிக்குள் போனது என்பதைச் சொல்கிறேன். இந்த வரலாறு நம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் லோசான் என்ற ஊரில் வாழும் வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம். 1990களில் கணினியில் தமிழ் எழுத மயிலை என்ற எழுத்துருவை உருவாக்கியவர். 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். நோக்கம் எளிமையானது: தமிழ் இலக்கியங்களை ஒரு தொகையும் வாங்காமல், யாரும் எடுத்துக்கொள்ளும்படி, கணினி எழுத்தில் தருவது. அரசாணை இல்லை, சம்பளம் இல்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ்நாட்டிலும் இருந்தவர்கள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, இரவில் ஒவ்வொரு பக்கமாகத் தட்டெழுதி அனுப்பினார்கள். இன்னொருவர் மெய்ப்புப் பார்த்தார். சங்க இலக்கியம், திருமுறைகள், திவ்வியப் பிரபந்தம், சித்தர் பாடல்கள், பாரதி, கல்கி என்று எல்லாம் அப்படித்தான் வந்தன. பொன்னியின் செல்வன் ஐந்து பாகத்தையும் இன்று ஒரு பைசா செலவில்லாமல் நீங்கள் செல்போனில் இறக்கிக்கொள்ள முடிகிறதென்றால், முகம் தெரியாத யாரோ விரல் நோகத் தட்டெழுதியிருக்கிறார்கள்.

அப்போது ஒரு சிக்கல் இருந்தது. ஒருவர் கணினியில் எழுதிய தமிழ் இன்னொருவர் கணினியில் குப்பையாகத் தெரியும். ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு. உலகத் தமிழர்கள் சேர்ந்து திஸ்கி என்ற பொதுக் குறியீட்டுக்கு வந்தார்கள். பிறகு உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு புழக்கத்துக்கு வந்தது. அதில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி இருக்கிறது. மதுரைத் திட்டத்தார் ஏற்கெனவே செய்ததை எல்லாம் மறுபடியும் யூனிகோடுக்கு மாற்றினார்கள். ஓலையைப் புதுப்பித்த பழைய வேலைதான், புதிய இடத்தில்.

யூனிகோடு வந்த பிறகும் வாசிப்புக் கருவியில் தமிழ் சரியாக வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன். ‘கெ’ என்று எழுதும்போது நாம் கொம்பை முதலில் போட்டுப் பிறகு ககரத்தைப் போடுகிறோம். கணினியின் நினைவில் ககரம் முதலிலும் கொம்பு பின்னாலும் இருக்கும். திரையில் காட்டும்போது கொம்பை எடுத்து முன்னால் வைக்க ஒரு மென்பொருள் வேண்டும். ‘கொ’ என்றால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலுமாகப் பிரிய வேண்டும். பழைய கருவிகளில் அந்த ஏற்பாடு இல்லை. கொம்பும் காலும் இடம்மாறி, இடையில் வெற்று வட்டங்கள் முளைத்து, படிக்கவே முடியாதபடி வரும். அதற்கு நம் இளைஞர்கள் ஒரு வழி கண்டார்கள். 2013இல் த. சீனிவாசனும் நண்பர்களும் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் ஒவ்வொரு நூலையும் பல வடிவங்களில் தந்தார்கள். அவற்றில் ஒன்று ஆறு அங்குலத் திரைக்கென்றே பக்கம் கட்டிய பிடிஎஃப். எழுத்துகளைப் படம்போலப் பதித்துவிடுவதால் தமிழ் தெரியாத கருவியிலும் தமிழ் உடையாமல் வரும். கருவி செய்யும் பெரிய நிறுவனம் நமக்காக இறங்கி வரும்வரை காத்திருக்காமல், நம்மவர்கள் பக்கத்தைக் கருவிக்கு ஏற்றபடி வெட்டிக் கொடுத்தார்கள். எனக்கு இது பெருமைக்குரிய செயலாகப் படுகிறது. 2016 கடைசியில்தான் அமேசான் தமிழ், இந்தி, மராத்தி, குஜராத்தி, மலையாளம் ஆகிய ஐந்து மொழி நூல்களைக் கிண்டிலில் விற்க முறைப்படி முன்வந்தது. அதற்கு முன்பே நம் தன்னார்வலர்கள் எத்தனையோ பேருக்குத் தமிழ் நூலைக் கருவியில் படிக்கக் கொடுத்திருந்தார்கள்.

இப்போது கருவிக்கு வருகிறேன்.

கிண்டில் போன்ற கருவிகளில் இருக்கும் மின்தாள் என்கிற திரை பிறந்த கதை கடற்கரைக்காரர்களாகிய உங்களுக்குப் பிடிக்கும். ஜோசப் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க அறிவியலாளர் கடற்கரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாராம். கொண்டுபோன புத்தகம் முடிந்துவிட்டது. ஒரே புத்தகம் எத்தனையோ புத்தகமாக மாறினால் எப்படி இருக்கும் என்று அவருக்கு அங்கே தோன்றியது. பிறகு எம்.ஐ.டி.யில் பேரட் காமிஸ்கி, ஜே.டி. ஆல்பர்ட் என்ற இரண்டு மாணவர்களோடு சேர்ந்து அதைச் செய்து காட்டினார். 1997இல் ஈ-இங்க் நிறுவனம் உருவானது. 2004இல் ஜப்பானில் சோனி லிப்ரியே என்ற கருவியை விற்றது. 2007 நவம்பரில் கிண்டில் வந்தது.

அந்தத் திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குமிழ்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு குமிழிலும் தெளிந்த திரவம். அதில் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும். ஒன்றுக்கு நேர்மின்னேற்றம், மற்றதற்கு எதிர்மின்னேற்றம். மின்சாரம் எந்தப் பக்கம் கொடுக்கிறோமோ அதற்கேற்பக் கறுப்பு மேலே வரும், அல்லது வெள்ளை மேலே வரும். வந்த பிறகு அங்கேயே நிற்கும்; நிற்பதற்கு மின்சாரம் வேண்டாம். பக்கம் திருப்பும்போது மட்டும் செலவு. ஆகவே ஒரு முறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் வருகிறது. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறி, மின்சாரம் நின்று, ஊரே இருட்டில் இருக்கும் நாட்களை அறிந்த நமக்கு இதன் அருமை தெரியும்.

செல்போன் திரை தன் ஒளியைக் கண்ணுக்குள் அனுப்புகிறது. மின்தாள் அப்படி இல்லை. வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தைக் காகிதம்போலத் திருப்பி அனுப்புகிறது. உச்சி வெயிலில், நம் ஊர்க் கடலில் நிற்கும் நவபாஷாணக் கற்களுக்கு எதிரே கரையில் நின்று செல்போனைப் பார்த்தால் உங்கள் முகம்தான் தெரியும். மின்தாளில் வெயில் ஏற ஏற எழுத்து தெளிவாகும். இரவுக்கு இப்போதைய கருவிகளில் பக்கவாட்டிலிருந்து திரைமேல் படரும் மெல்லிய விளக்கு இருக்கிறது.

அப்படியானால் எல்லோரும் மின்தாள் கருவியே வாங்க வேண்டுமா? இல்லை. நீங்கள் என்ன படிப்பவர் என்பதுதான் கேள்வி. நாவல், சிறுகதை, கட்டுரை என்று நீளமாக வரிவரியாகப் படிப்பவருக்கு ஆறு, ஏழு அங்குல மின்தாள் கருவிக்கு மிஞ்சியது கிடையாது. எடை 200 கிராம் அளவுதான். படுத்துக்கொண்டு படித்தாலும் கை வலிக்காது. அழைப்பு வராது, வாட்ஸ்அப் வராது. வாசிப்புக்கு இடையூறு இல்லாத ஒரே மின்கருவி இதுதான் என்பேன்.

நம் பிள்ளைகள் பலர் டிஎன்பிஎஸ்சி, ஆசிரியர் தகுதித் தேர்வு என்று படிக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியவை ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள பாடநூல்கள். அரசு அவற்றைப் பிடிஎஃப் கோப்பாக இலவசமாகவே தருகிறது. அவை பெரிய பக்கம், வண்ணப்படம், வரைபடம், அட்டவணை கொண்டவை. ஆறு அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரையில் அவற்றைப் பார்த்தால் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும், கண்தான் களைக்கும். அவர்களுக்குப் பத்து அங்குல டேப் ஏற்றது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருக்கும் பழைய நூல்களுக்கும் அப்படித்தான். அவை பக்கத்தைப் படம் பிடித்து வைத்த கோப்புகள்; எழுத்தைத் தனியே பெரிதாக்க முடியாது. ஆராய்ச்சி செய்பவர்கள், பழைய இதழ்களைப் புரட்டுபவர்கள் டேப்தான் வாங்க வேண்டும். அது அரைக் கிலோ அளவு கனக்கும், தினம் சார்ஜ் கேட்கும், வெயிலில் மங்கும். இதையெல்லாம் ஏற்றுக்கொண்டுதான் வாங்க வேண்டும்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு நூலை உங்கள் செல்போனிலேயே முழுதாகப் படித்துப் பாருங்கள். ஈபப் என்ற மின்னூல் வடிவத்தில் ஒரு நாவலை இறக்கி, எழுத்தைப் பெரிதாக்கி, பின்னணியை மங்கலாக்கிப் படியுங்கள். ஒரு நாவல் முடியவில்லை என்றால் பல ஆயிரம் கொடுத்துக் கருவி வாங்கியும் முடியாது. முடிந்தது, கண்தான் களைத்தது என்றால் உங்களுக்கு மின்தாள் கருவி வேண்டும் என்று பொருள்.

துணைப்பொருள்களைப் பற்றிக் கேட்டார்கள். கடையில் காட்டுவதை எல்லாம் வாங்க வேண்டியதில்லை. மின்தாள் கருவிக்குக் கட்டாயம் வேண்டியது கெட்டியான உறை ஒன்றுதான். பெரும்பாலான கருவிகளில் அந்தத் திரைக்குள் மெல்லிய கண்ணாடித் தகடு இருக்கிறது. பையில் அழுந்தினால், யாராவது தெரியாமல் மேலே உட்கார்ந்தால் உள்ளே விரிசல் விடும்; வெளியே கீறல்கூட இராது, திரையில் மட்டும் கோடு கோடாக நிற்கும். மாற்றும் செலவில் புதிதே வாங்கிவிடலாம். திரைமேல் ஒட்டும் பளபளப்புத் தாள் வேண்டவே வேண்டாம். காகிதம்போல் இருக்கும் பரப்பைக் கண்ணாடியாக்கி, வெயிலில் படிக்கும் நன்மையையே அது கெடுத்துவிடும். டேப் வாங்குபவர்கள் மேசையில் நிறுத்தும் ஸ்டாண்ட் ஒன்றும், அடிக்கோடிட விரும்பினால் ஒரு ஸ்டைலஸ் பேனாவும் வாங்கலாம். அதிகக் கோப்புகள் வைப்பவர்கள் மெமரி கார்டு போடும் வசதி உள்ளதாகப் பார்க்க வேண்டும்.

நம் ஊருக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. நம் எதிரி உப்பு. தண்ணீர் புகாத கருவி என்று விளம்பரம் செய்வார்கள். கிண்டில் பேப்பர்வொயிட் 2018 முதல் அப்படி வருகிறது. நல்ல தண்ணீரில் இரண்டு மீட்டர் ஆழத்தில் ஒரு மணி நேரம் தாங்கும் என்று சொல்லும் அந்த நிறுவனமே, கடல் தண்ணீரில் கால் மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம்தான் என்கிறது. அந்த வித்தியாசத்தைப் பாருங்கள். தண்ணீர் புகாத அந்தக் கருவியில் கடல் நீர் தெறித்தால் நல்ல தண்ணீரால் அலசி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும். தண்ணீர் புகாத ஏற்பாடு இல்லாத கருவியைப் படகுக்கோ கரைக்கோ கொண்டுபோகும்போது ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். சார்ஜ் போடும் துளையில் உப்புக் காற்று படாமல் மூடி வைத்தால் கருவி இன்னும் சில வருடம் உழைக்கும்.

வயதானவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்புரை வந்தவர்கள், பார்வை மங்கியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். படித்துப் பழகியவர்கள் படிப்பை விடுவது துக்கம். அச்சு நூலின் எழுத்தைப் பெரிதாக்க வழியில்லை. கருவியில் ஒரு பக்கத்துக்கு எட்டே வரி வரும்படிகூட எழுத்தைப் பெரிதாக்கலாம். முழுக்கப் பார்வையற்றவர்களுக்கு, எழுத்தைக் குரலாக மாற்றும் மென்பொருள் தமிழிலும் இருக்கிறது, செல்போனிலேயே கேட்கலாம். நூல்களைப் பார்வையற்றோர் படிக்கும் வடிவத்துக்கு மாற்ற 2012இல் நம் காப்புரிமைச் சட்டமே இடம் கொடுத்துவிட்டது. இதற்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலில் ஏற்ற நாடு இந்தியா. ஆனால் படமாக இருக்கும் பிடிஎஃப் கோப்பை அந்த மென்பொருளால் படிக்க முடியாது. எழுத்தாக மாற்றிய நூலைத்தான் படிக்கும். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கடைசியில் உங்களிடம் நான் கேட்கப்போவது இதைச் சார்ந்தது.

வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருக்கும் நம் சபுராளிகளுக்கும் இது பெரிய உதவி. ஊருக்கு வந்து திரும்பும்போது பெட்டியில் எடை பார்த்துப் பார்த்து ஊறுகாயையும் கருவாட்டையும் வைப்பார்கள், புத்தகத்துக்கு இடமிருக்காது. ஒரு நாவலின் எழுத்துக் கோப்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு மெகாபைட்தான். சிறிய கருவியிலேயே ஆயிரக்கணக்கில் அடங்கும்.

இனி மாணிக்கம் அவர்களுடைய அலமாரிக்கு வருகிறேன். மின்னூல் கடையில் ‘வாங்கு’ என்று எழுதியிருக்கிறது. பணம் கொடுக்கிறோம். ஆனால் நமக்குக் கிடைப்பது படிக்கும் அனுமதி மட்டுமே. 2009 ஜூலையில் ஒரு செய்தி வந்தது. ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை, உரிமையில்லாத ஒருவர் பதிப்பித்து விற்றுவிட்டார் என்று தெரிந்ததும், வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அமேசான் அவற்றை அழித்துவிட்டது. பணத்தைத் திருப்பித் தந்தார்கள். பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் நம் வீட்டு அலமாரிக்குள் கடைக்காரர் கை நுழைய முடியும் என்று உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கிக் கம்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியையும் எடுத்துவிட்டார்கள். நான் வாங்கிய நூலை என் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்து, படித்துவிட்டுத் தா என்று சொல்ல முடியாது. கருவியையே கொடுத்தால்தான் உண்டு. மாணிக்கம் அவர்களிடம் இருந்தது இப்படிப்பட்ட நூலகமாக இருந்திருந்தால் சிறுவன் கலாம் வெறுங்கையோடு வீடு திரும்பியிருப்பார்.

இதற்காக மின்னூல் வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வாழும் எழுத்தாளருக்கு நாம் கொடுக்கும் பணம் போய்ச் சேரவேண்டும். திருட்டு பிடிஎஃப் அனுப்பி அவர்கள் வயிற்றில் அடிக்கக் கூடாது. வாட்ஸ்அப் குழுக்களில் நேற்று வந்த நாவலை இன்று பரப்புவதை வாசிப்புச் சேவை என்று சிலர் நினைக்கிறார்கள். அது சேவை ஆகாது. நியாயமாகப் பகிர நம்மிடம் குறையில்லாமல் இருக்கிறது. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கழிந்த நூல்கள் எல்லோருக்கும் பொது. புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தார். அவர் கதைகள் இப்போது நம் எல்லோருடையவை. அதோடு வேறெங்கும் அரிதான ஒரு வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு: நூல்களை நாட்டுடைமை ஆக்குவது. 1949இல் பாரதியின் நூல்களில் தொடங்கியது. எழுத்தாளரின் குடும்பத்துக்கு அரசு தொகை கொடுத்து, நூலை மக்களுக்குத் திறந்துவிடுகிறது. நூற்றைம்பது பேருக்கு மேற்பட்ட தமிழ் எழுத்தாளர்களின் நூல்கள் இப்படித் திறந்துகிடக்கின்றன. உங்கள் கருவியை முதலில் இவற்றால் நிரப்புங்கள். கருவி வாங்கும்போதும், கடையில் வாங்காத ஈபப் கோப்பைத் தடையில்லாமல் ஏற்றுக்கொள்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

1931இல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு போனார் கனகசபைப் பிள்ளை. நூலகத் தந்தை ரங்கநாதன் அதற்கு ஊக்கமாக நின்றார். அந்த வண்டியின் வேலையை இன்று நாம் செய்யலாம்: நம் கிளை நூலகத்திலும், பள்ளிவாசல் ஜமாஅத்திலும், மீனவர் சங்கத்திலும், ஐந்தாறு மின்தாள் கருவிகளை வாங்கி, பொதுவுடைமை நூல்களை ஏற்றி, இரவலுக்குக் கொடுக்கலாம். சட்டப்படி ஒரு குறையும் வராது. வெளிநாட்டிலிருந்து ஊருக்கு ஏதாவது செய்ய நினைப்பவர்கள் விழா மேடைக்குக் கொடுப்பதில் ஒரு பங்கை இதற்குக் கொடுக்கட்டும்.

மாணவர்களிடம் நான் கேட்பது வேறு. தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமை நூல்களின் மின்படங்களைத் தமிழ் விக்கிமூலத்துக்குக் கொடுத்தது. 2 ஆயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள். கணினி அவற்றைப் படித்து எழுத்தாக மாற்றிவிட்டது. ஆனால் கணினி பழைய அச்சைத் தப்பும் தவறுமாகப் படிக்கிறது. ரகரத்தையும் காலையும் குழப்புகிறது, ஒற்றெழுத்தின் புள்ளியை விட்டுவிடுகிறது. ஓலையில் விடுபட்ட அதே புள்ளி! மனிதக் கண் பார்த்துத் திருத்தியாக வேண்டும். விக்கிமூலத்தில் பார்க்காத பக்கம் சிவப்பு நிறத்தில் இருக்கும். ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் மஞ்சள். இன்னொருவர் சரிபார்த்தால் பச்சை. பச்சையான நூலை ஈபப் கோப்பாக இறக்கி எந்தக் கருவியிலும் படிக்கலாம். பார்வையற்றவர்கள் காதால் கேட்கலாம். தமிழ் தெரிந்த யாரும் செய்யக்கூடிய வேலை. செல்போன் இருந்தால் போதும். உ.வே.சா. செய்ததில் ஒரு சிறு துளியை நீங்கள் தேவிபட்டினத்தில் உட்கார்ந்தே செய்யலாம்.

பெரியவர்களிடம் கேட்பது இது. இந்தக் கரையில் பல வீடுகளில் பழைய நூல்கள் இருக்கின்றன. அரபு எழுத்தில் தமிழை எழுதிய அர்வி நூல்கள், கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் காலத்துக் கிதாபுகள், பாட்டனார் கையெழுத்தில் உள்ள கணக்குப் பேரேடுகள், தலபுராணச் சுவடிகள், பழைய மாத இதழ்கள். அலமாரியில் பூட்டி வைத்தால் பத்திரம் என்று நினைக்கிறீர்கள். உப்புக் காற்றுக்கும் செல்லுக்கும் பூட்டு கிடையாது. பழைய காகிதக்காரரிடம் எடை போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். பிள்ளைகளை விட்டு, நல்ல வெளிச்சத்தில், பக்கம் பக்கமாகப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அவை என்ன நூல் என்று உங்களுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்துக்கோ ரோஜா முத்தையா நூலகத்துக்கோ எழுதுங்கள்; அறிந்தவர்கள் பார்ப்பார்கள்.

கருவி வாங்குவது பற்றிய ஐயங்களை மேடையிலிருந்து இறங்கிய பிறகு கேளுங்கள், சொல்கிறேன். மெய்ப்புப் பார்க்க விருப்பமுள்ள மாணவர்கள் வாசலில் வைத்திருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள். பழைய நூல் வைத்திருக்கும் வீட்டாரும் எழுதுங்கள்.